எம்டனும் எடை மேடையும்

எங்கள் வட சென்னைப் பக்கத்தில் ஒரு பையன் கொஞ்சம் சூட்டிகையாக இருந்துவிட்டால் போதும், "இவன் சரியான எம்டன்!" என்று பெரியவர்கள் பட்டம் சூட்டிவிடுவார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு ஜெர்மானியப் போர்க் கப்பலின் பெயர் என்பதே தெரியாது. கப்பல் அழிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பெயர் மட்டும் தமிழ்ச் சொல்லாகி நம் திண்ணைகளில் தங்கிவிட்டது.

என் கொள்ளுப்பாட்டிக்கு அது வெறும் சொல் அல்ல. ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே கண்ணை மூடியவள் அவள். எம்டன் வந்த இரவில் அவளுக்கு ஒன்பது வயது. நான் சிறுவனாக இருந்தபோது, கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லுவாள். "ராத்திரி பகலாட்டம் ஆயிடுச்சுடா கண்ணு. கடலே பத்திக்கிச்சுன்னு எங்கம்மா ஒரே அழுவ" என்பாள். கடல் பற்றிக்கொள்ளுமா என்று நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

நடந்தது இதுதான். 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி. உலக யுத்தம் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிற்று. யுத்தம் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்ற நினைப்பில் பட்டணம் நிம்மதியாக இருந்தது. அந்நாளில் ஹைகோர்ட்டுக் கட்டடத்தின் கோபுரத்தில்தான் கலங்கரை விளக்கம் இருந்தது. அது வழக்கம்போல எரிந்துகொண்டு, வருகிறவன் யாராக இருந்தாலும் வழி காட்டியது. கப்பல் தன் தேடு விளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்து, 120க்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. தொட்டிகள் இரண்டு தீப்பிடித்தன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றும் அடிபட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதில் சொன்னபோது காரியம் முடிந்துவிட்டது. எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கரைந்துபோயிற்று. மறுநாள் முதல் பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலிலும் வண்டியிலுமாக ஊரைவிட்டு ஓடினார்கள். ஹைகோர்ட்டின் மதிற்சுவரில் பதித்திருக்கும் கல் ஒன்று, குண்டு விழுந்த இடத்தை இன்றைக்கும் நமக்குச் சொல்லுகிறது.

இந்தக் கதையை நமது ஊர் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம். எனக்கென்னவோ அடுத்த இரண்டு அத்தியாயங்களில்தான் உண்மையான பாடம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அக்டோபர் 28-ம் தேதி விடியற்காலை, எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பினாங்கு நம்மவர்களுக்கு அன்னிய ஊர் அல்ல. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் குரூஸர் 'யார்மத்'துக்கு நான்கு. ஆகவே எம்டனின் மாலுமிகள் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பார்த்தவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சரி, நம்முடைய கப்பல்தான்! உள்ளே நின்ற 'ஜெம்சுக்' என்ற ருஷ்யக் கப்பலின் தலைவரோ கரைக்குப் போயிருந்தார். சில நிமிஷங்களில் அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. திரும்பும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் எம்டனுக்கு இரையாயிற்று.

பிறகு நவம்பர் 9. இந்து மகாசமுத்திரத்தின் நடுவில் கோக்கோஸ் தீவுகள். அங்கே கடலடித் தந்தி நிலையம் ஒன்று இருந்தது. அதை அழிக்க எம்டன் வந்தது. வரும்போதே தன் துணைக் கப்பலை வயர்லெஸ்ஸில் சங்கேத மொழியில் கூப்பிட்டது. அந்தச் சங்கேதம் நிலையத்தாருக்குப் புரியவில்லை. ஆனால் புரியாததைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல், "என்ன சங்கேதம்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்! அதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. கப்பல் கண்ணுக்குத் தெரிந்தபோது, நிலையத் தலைவர் அதைப் பிரிட்டிஷ் கப்பல் என்றுதான் முதலில் நினைத்தார். நாலு புகைபோக்கி இருந்ததே! நிலையத்து டாக்டர்தான் உற்றுப் பார்த்து, நாலாவது பொய் என்று சொன்னவர். உடனே வயர்லெஸ்ஸிலும் கடலடித் தந்தியிலும் அபாயச் செய்தி பறந்தது. ஜெர்மானியர் கரையிறங்கி நிலையத்தை உடைத்தார்கள். ஆனால் செய்தி போய்விட்டது. அருகில் படைக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' விரைந்து வந்தது. அன்று பகலுக்குள் எம்டன் சிதைந்து கரை தட்டிற்று. 130க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள்.

மூன்று துறைமுகங்கள், மூன்று வாசல்கள். சென்னையில் யாரும் எதையும் கேட்கவில்லை. பினாங்கில் கேட்டார்கள், ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். கோக்கோஸில்தான் எண்ணியது உண்மையா என்றும் பார்த்தார்கள். எதிரியின் சங்கேதத்தை அவர்கள் உடைக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வாசலில் சரியான கேள்வியைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது என் மாமாவின் கதையைச் சொல்லவேண்டும்.

அம்மாவின் தம்பியான அவர் திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் எடை மேடையில் குமாஸ்தா. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் அதன்மேல் ஏறி நிற்கும். மாமா ஜன்னல் வழியாக முள்ளைப் பார்த்து எடைச் சீட்டு எழுதிக் கொடுப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். டிரைவர்கள், "அண்ணே, பதினெட்டு டன்தான். சரக்குச் சீட்டிலே போட்டிருக்கு பாருங்க. ஏறி இறங்க நேரமாவுது" என்று கெஞ்சுவார்கள். மாமா சிரித்துக்கொண்டே, "சீட்டு சொல்றது இருக்கட்டும்பா, சக்கரம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்பார்.

ஒருநாள் இரவு அவரும் அதை மறந்துவிட்டார். அடைமழை. பத்து வருஷப் பழக்கமுள்ள டிரைவர். அவருடைய வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையாம். மாமா லாரியை மேடையில் ஏற்றாமலேயே, சரக்குச் சீட்டில் கண்ட எடையைத் தம் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். உண்மையான பாரம் அதைவிட மிக அதிகம். அந்த டிரைவருக்கே அது தெரியாது. மணலி போகும் வழியில் ஒரு திருப்பத்தில் லாரி கவிழ்ந்தது. உடன் சென்ற கிளீனர்ப் பையனுக்கு ஒரு கால் போயிற்று.

மாமாவை யாரும் குற்றம் சாட்டவில்லை. அவர் எழுதிய சீட்டு மழையில் எங்கோ போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு முதலாளியின் சொந்த லாரி வந்தாலும் மேடையில் ஏறாமல் போனதில்லை. நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள், 'சந்தேகப் பிராணி' என்று பெயர் வைத்தார்கள். மாமா வாயைத் திறக்கமாட்டார். அந்தப் பையனின் வீட்டுக்கு மட்டும் மாதம் தவறாமல் போய் வருவார்.

இந்தக் கதையை ஏன் சொன்னேன் என்றால், 2014-ம் வருஷத்தில், சரியாக எம்டன் வந்து நூறாவது வருஷத்தில், உலகம் முழுவதையும் கதிகலங்க வைத்த ஒரு சம்பவம் மாமாவின் அந்த மழை இரவைப் போலவே இருந்தது. நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். கம்ப்யூட்டர் சாஸ்திரம் கற்றவனல்ல. என் சகோதரி மகன் அந்தத் தொழிலில் இருக்கிறான். அவன் விளக்கியபோது எனக்கு எளிதாகப் புரிந்தது. எடை மேடை பார்த்தவனாயிற்றே!

பாங்கிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து, ரயில் டிக்கெட்டு எல்லாம் இன்று கம்ப்யூட்டர் வழியே நடக்கின்றன. நடுவில் யாரும் ஒட்டுக் கேட்காதபடி அவை சங்கேதமாக மாற்றப்பட்டுச் செல்கின்றன. அந்தச் சங்கேதக் கணக்கை ஒவ்வொருவரும் தாமே எழுதிக்கொள்வதில்லை. நம் வீட்டில் சாம்பார்ப் பொடியைக் கடையில் வாங்கிக்கொள்வதுபோல, வல்லவர்கள் எழுதிவைத்த தயார்ச் சரக்கை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நிரல் நூலகம் என்று பெயர். சௌகரியந்தான்; ஆனால் மாவு மில்லில் ஒரு கல் விழுந்தால் ஊர் முழுவதும் பல் உடையும். 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்பது அப்படி உலகமே பொடி வாங்கும் மில்.

அதில் 'இதயத் துடிப்பு' என்று ஒரு ஏற்பாடு. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, மற்றது இன்னும் லைனில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒன்று ஒரு சொல்லை அனுப்பும். "வணக்கம், ஐந்து எழுத்து, திருப்பிச் சொல்" என்றால், மற்றது "வணக்கம்" என்று திருப்பிச் சொல்லும். இதில் என்ன விபரீதம் வந்துவிடும் என்கிறீர்களா? ஒருவன் "வணக்கம், அறுபதாயிரம் எழுத்து, திருப்பிச் சொல்" என்று கேட்டுவிட்டான் என்று வையுங்கள். அந்த நிரல் வந்த சொல்லை எண்ணிப் பார்க்கவில்லை. சீட்டில் கண்டதை அப்படியே நம்பிற்று. வணக்கத்தின் ஐந்து எழுத்தையும் சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்தில் தன் ஞாபகத்தில் என்னென்ன கிடந்ததோ அதையெல்லாம் வாரி, கேட்ட அளவு நிறையும் வரை கொடுத்துவிட்டது. யாரோ ஒருவருடைய ரகசியச் சொல், யாரோ ஒருவருடைய கடிதம், அதிர்ஷ்டம் கெட்ட வேளையில் பூட்டின் சாவியே கூட!

'ஹார்ட்பிளீட்', அதாவது இதயத்திலிருந்து இரத்தக் கசிவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த நிரல் 2011-ம் வருஷம் டிசம்பர் 31-ம் தேதி இரவு, ஊர் உலகம் புது வருஷத்துக்குக் காத்திருந்த நேரத்தில், நூலகத்தில் சேர்க்கப்பட்டது. 2012 மார்ச்சில் உலகத்துக்கு வழங்கப்பட்டது. 2014 ஏப்ரல் 7-ம் தேதிதான் குறை வெளியில் அறிவிக்கப்பட்டது. இரண்டு வருஷம் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. ஏறக்குறைய ஐந்து லட்சம் இணையத் தளங்கள் இந்த அபாயத்தில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். கனடா நாட்டு வருமான வரி இலாகாவிலிருந்து சுமார் 900 பேருடைய அடையாள எண்கள் களவு போயின. சங்கேதத்தை யாரும் உடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டு பத்திரமாக இருந்தது. வாசற்காரன் சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான்.

இதில் என் மனத்தை உறுத்திய சங்கதிகள் இரண்டு. ஒன்று, சொன்ன நீளம் வந்த நீளத்தைவிட அதிகமாக இருந்தால் அந்தச் செய்தியைப் பேசாமல் தூக்கி எறிந்துவிடவேண்டும் என்று, அந்த ஏற்பாட்டின் விதிப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. விதி இருந்தது, எழுதியவர் மறந்தார், சரிபார்த்தவரும் கவனிக்கவில்லை. கடைசியில் குறையைத் தீர்த்தது சில வரிகள்தாம். எழுதியவர் ஒரு ஜெர்மானிய இளைஞர். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, நீளத்தைச் சோதிக்கத் தவறிவிட்டேன் என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். அவர் பெயர் இங்கே வேண்டாம். மாமாவின் பெயரையும் நான் எழுதவில்லை.

இன்னொன்று, உலகத்தின் பாங்கிகளுக்கெல்லாம் வாசல் காத்த அந்த நூலகத்துக்கு அதுவரை வருஷத்துக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டாலர். முழு நேரமும் அதற்கென்றே உழைத்தவர் ஒரே ஒருவர். பெரிய பெரிய கம்பெனிகள் அதை இலவசமாக எடுத்துக்கொண்டு கோடி கோடியாகச் சம்பாதித்தன. விபத்து நடந்த பிறகுதான் கூடிப் பேசி நிதி திரட்டினார்கள். வாசற்காரனுக்குக் குடை வாங்கித் தராமல், அவன் மழையில் கண்ணயர்ந்தான் என்று குறை சொல்லி என்ன பயன்?

ஹார்ட்பிளீட் சென்னையில் நடந்ததைப் போல. யாரும் கேட்கவே இல்லை. பினாங்கில் நடந்ததைப் போலவும் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் உலகில் கையெழுத்து என்பது இரண்டு எண்கள். ஒரு சமன்பாட்டில் அவற்றைப் போட்டு இரு பக்கமும் சமமானால் கையெழுத்து செல்லும். இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தால்? பூஜ்யமும் பூஜ்யமும் எப்போதும் சமந்தானே! அதனால்தான், எண்கள் பூஜ்யமாக இருக்கலாகாது என்பதை முதற் சோதனையாகவே வைத்தார்கள். 2020-ல் 'ஜாவா' என்ற பிரபலமான மொழியின் பதினைந்தாம் பதிப்புக்காகப் பழைய நிரலை வேறு மொழியிலிருந்து மாற்றி எழுதினார்கள். வீடு மாறும்போது சாமி படத்தை விட்டுவிட்டு வருவதுபோல, அந்த முதற் சோதனை விடுபட்டுப் போயிற்று. அன்று முதல் 2022 ஏப்ரல் வரை, வெற்றுக் காகிதத்தை நீட்டினாலும் 'கையெழுத்து சரி' என்று சொல்லக்கூடிய காவற்காரன் அங்கே இருந்தான். எண்ணிக்கை நான்கு இருந்தது. நாலாவது துணியா, இரும்பா என்று பார்க்கவில்லை.

மறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 1998-ல் டேனியல் பிளெய்ஹன்பாக்கர் என்ற அறிஞர் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். தவறான செய்தி வரும்போது, "இதன் அமைப்பு சரியில்லை" என்று வாசற்காரன் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினால், திருடன் பொய்ச் செய்திகளை லட்சக் கணக்கில் அனுப்பி, ஒவ்வொரு மறுப்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ரகசியத்தையே கறந்துவிடலாம்! பத்தொன்பது வருஷம் கழித்து, 2017-லும் அதே ஓட்டை பல பெரிய தளங்களில் இருந்தது. ஆகவே சோதிக்கவும் வேண்டும். சோதனையில் தோற்றவனிடம் வாயைக் கொடுக்காமலும் இருக்கவேண்டும். விதிப் புத்தகம் 'பேசாமல்' என்று சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.

துறைமுகத்துக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த சரக்குகளில் சோழனின் புலி முத்திரை பொறித்தார்கள் என்று பட்டினப்பாலை கூறுகிறது. இன்று எண்ணூர் சாலையில் வரிசையாக நிற்கும் லாரிகளின் பெட்டிகளைப் பாருங்கள். நான்கு எழுத்து, ஆறு எண், அதன் பின்னே தனியாக ஓர் எண். முன்னவற்றைக் கொண்டு கணக்குப் போட்டால் அந்தக் கடைசி எண் வரவேண்டும். வராவிட்டால் யாரோ தவறாக எழுதியிருக்கிறார் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். கைப்பிழையைப் பிடிக்க அது போதும். பொய்யனைப் பிடிக்கப் போதாது; அவனுக்கும் அந்தக் கணக்குத் தெரியுமே!

2007-ல் 'எம்.எஸ்.சி. நபோலி' என்ற பெட்டிக் கப்பல் இங்கிலாந்துக் கால்வாயில் உடல் பிளந்து, பிறகு கரையில் ஏற்றப்பட்டது. கப்பலின் கட்டமைப்பில் குறை இருந்தது. அது ஒரு புறமிருக்க, நனையாத 660 பெட்டிகளை எடை போட்டுப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குப் பெட்டிகளில் சீட்டு எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2016 ஜூலை முதல் தேதியிலிருந்து, சரிபார்த்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றலாகாது என்று உலகச் சட்டமே வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத்தனை வருஷமா எழுதினதை நம்பியா ஏத்தினாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நிரல் எழுதுகிறவர்களும் இப்போது திருந்தி வருகிறார்கள். வேண்டுமென்றே அர்த்தமற்ற செய்திகளை, நீளம் தப்பியவற்றை, வாலும் தலையும் இல்லாதவற்றை இரவும் பகலும் அனுப்பி நிரலைத் தொந்தரவு செய்து பார்க்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. உள்ளே வருவதெல்லாம் எதிரி எழுதிய சீட்டு என்று வைத்துக்கொண்டு, பயன்படுத்துவதற்கு முன்னாலேயே அளந்துவிட வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். "அது அவமரியாதை இல்லே மாமா, அதுதான் மரியாதை. உள்ளே இருக்கிறவங்களுக்குக் காட்டுற மரியாதை" என்றான் என் சகோதரி மகன். நான் அந்தக் கிளீனர்ப் பையனை நினைத்துக்கொண்டேன்.

என் கொள்ளுப்பாட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு யார் கதவைத் தட்டினாலும், "யாரது?" என்பாள். "நான்தான்" என்று பதில் வரும். உலகத்தில் எல்லோரும் அதைத்தானே சொல்லுகிறோம்! அவள் விடமாட்டாள். "நான்னா யாரு? பேரு கெடையாதா?" என்பாள். பேரைச் சொன்னாலும் போதாது. கதவிடுக்கு வழியாக ஒருமுறை முகத்தைப் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். பேரன் என்ற சலுகைகூடக் கிடையாது. மழையில் நனைந்துகொண்டு நான் எத்தனையோ நாள் கோபித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வயதில் கடல் பற்றி எரிந்ததைப் பார்த்தவள் அவள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.